மறைத்து வைத்த பெயர்கள்

பர்னர் பற்றவில்லை.

பானுமதி கம்ப்யூட்டரில் கட்டளையை இன்னொரு முறை கொடுத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வழக்கமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் காற்றாடி உறுமும், அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு சூளைக்குள் தீ நிலைபெற்று ஒரே சீராக இரைய ஆரம்பிக்கும். இன்று காற்றாடி மட்டும் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத் தானாக ஓய்ந்தது. ஐப்பசி மழை தகரக் கூரைமேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மணி இரண்டுகூட ஆகவில்லை, ஆனால் கதவிடுக்கு வழியாக வந்த வெளிச்சம் விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சமாக இருந்தது. ஈரக் களிமண் வாடை, டீசல் வாடை, பிரிண்டர் ரிப்பனின் மை வாடை, மூன்றும் கலந்து அந்தச் சின்ன அறைக்குள் கனத்துக் கிடந்தன. ஜன்னல் கிடையாது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று முதலாளி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். ஆளுக்குக் காற்று வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

திரையின் அடியில் ஒரு கட்டம் உண்டு. அதன் தலைப்பு 'உள்ளே'. கட்டம் காலியாக, கறுப்பாக இருந்தது. அதன் மூலையில் மட்டும் 'பத்து' என்று ஓர் எண் நின்றது.

அது நிற்கக் கூடாத எண்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் எத்தனையோ பட்டறைகளில் ஃபியூஸ் கட்டை சுடும் இந்தக் கம்பெனியும் ஒன்று. இரண்டாயிரத்து மூன்றில் இங்கே சூளையைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற யோகம் வந்தது என்றால் அதற்கு முதலாளியின் வீம்பும் பானுமதியின் படிப்பும்தான் காரணம். சி மொழியில் அவளே எழுதிய புரோகிராம். சூளையின் சூடு மேலே ஓடும். கீழே இந்தக் கட்டம். சூளை என்பது ஒரு பெரிய அறை. இரும்புத் தண்டவாளத்தில் சரக்கு வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திச் சுடுவார்கள். சுடாத நாளில் செங்கல் பூச, தூசி கூட்ட, ஆட்கள் உள்ளே போவார்கள். போகிறவன் இந்த அறை வாசலில் நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவள் அதைக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் அடிப்பாள். வந்ததும் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். பெயரை எடுத்துவிடுவாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை புரோகிராம் அந்தக் கட்டத்தில் இருப்பதைத் திரையிலிருந்தே எழுத்து எழுத்தாகத் திரும்பப் படிக்கும். ஓர் எழுத்து இருந்தாலும் பர்னர் பற்றாது. பெயர்களை அவள் வேறெங்கும் சேமிக்கவில்லை. சோம்பல்தான், அவளே ஒத்துக்கொள்வாள். திரையில் இருந்தால் ஆள் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

ஆனால் பெயரை எடுப்பதில் ஆரம்பத்திலேயே ஒரு தகராறு வந்தது. தீப்பார்க்கும் ராஜாங்கம், அறுபது வயது மனிதர், திரையில் 'அழிக்கவா?' என்று கேள்வி வந்ததைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார்.

"ஏம்மா, உசுரோட இருக்கிறவன் பேரை நெருப்புக்கு முன்னால உக்காந்து அழிப்பாங்களா? விளக்கையே அணைன்னு சொல்ல மாட்டோம், குளிர வைன்னுதான் சொல்லுவோம். போறவன்கூட போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போறான். நீ டக்குனு அழிச்சிட்டன்னு வச்சிக்க, நாளைக்கு எவனும் உள்ள போவ மாட்டான்."

அவர் சொன்னது அவளுக்கும் சரி என்றே பட்டது. அவள் வீட்டிலும் அப்படித்தானே. அதனால் அழிக்கும் வேலையை எடுத்துவிட்டு, மறைக்கும் வேலையை வைத்தாள். ஆள் வெளியே வந்ததும் பெயர் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறும். கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து. இருக்கும், தெரியாது. திரும்பப் படிக்கும்போது எழுத்தோடு அதன் நிறத்தையும் பார்த்து, வெள்ளையை மட்டும் எண்ணும்படி மாற்றினாள். ஆட்களுக்குப் பரம திருப்தி. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இப்போது, கண்ணுக்குக் கட்டம் காலி. படித்துப் பார்த்த புரோகிராமோ பத்து வெள்ளை எழுத்து இருக்கிறது என்கிறது.

அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். கறுப்புதான். எங்கேயோ நிறக் கணக்கில் தப்பு விட்டிருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, படித்ததை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பும்படி இரண்டு வரி சேர்த்தாள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கிர்ரென்று ஒரு தடவை போய்த் திரும்பியது. காகிதத்தில் ஒரே ஒரு வரி.

மாணிக்கவேல்.

ஆங்கில எழுத்தில் பத்து. அவள் புருஷன் பெயர்.

"டீ ஆறுது."

திடுக்கிட்டுத் திரும்பினாள். மாணிக்கவேல் வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தான். முழங்கைவரை வெள்ளைத் தூசி. மழையில் நடந்து வந்திருக்கிறான், ஆனாலும் தூசி கரையவில்லை.

"ஏங்க, இன்னிக்கு நீங்க சூளைக்குள்ள போனீங்களா?"

"இல்லியே. மூணு வாரமா யாரும் போவல."

அது உண்மைதான். மூன்று வாரத்துக்கு முன் சூளையின் வளைவுக் கூரையில் செங்கல் இறங்கிவிட்டது. மாணிக்கவேல், பக்கிரி, தர்மராஜ், தனக்கோடி, பழமலை, ஐந்து பேரும் ஒன்றாக உள்ளே போய்ப் புது வளைவு கட்டினார்கள். நடுவில் கரண்டு போனது. பத்து நிமிஷம் கும்மிருட்டு. பேட்டரியில் ஓடிய இந்தத் திரை மட்டும் ஐந்து பெயர்களை வெள்ளையாகக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பேச்சுச் சத்தம் இல்லை, ஓர் இருமல் இல்லை. அப்புறம் கரண்டு வந்தது, ஒவ்வொருவராக வாசலில் நின்று "வந்துட்டேன்" என்றார்கள், அவளும் ஒவ்வொன்றாக மறைத்தாள். வளைவு காயட்டும் என்று மூன்று வாரம் சூளையைத் தொடவில்லை. இன்றைக்குத்தான் முதல் சூடு. இரண்டு வண்டிச் சரக்கு ஏற்றி, கதவு சாத்தி, எல்லாம் தயார்.

பிரிண்டர் இன்னொரு தடவை ஓடியது. நிமிஷம் ஆகிவிட்டது போலிருக்கிறது. அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

மாணிக்கவேல் இருட்டா இருக்குது.

கட்டத்தில் பெயருக்குப் பக்கத்து இடம் எப்போதும் வெற்றிடம். அங்கே யாரும் எதையும் அடித்ததில்லை. யார் விளையாடுகிறார்கள் என்று ஒரு கணம் கோபம்தான் வந்தது. இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு கீபோர்டு கிடையாது, எந்த வயரும் வெளியே போகவில்லை என்பது கோபம் தணிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"என்னா அது?" என்றான் மாணிக்கவேல்.

"ஒண்ணுமில்ல. ரிப்பேரு."

அவன் போகவில்லை. டீயைக் குடிக்காமல் கிளாஸைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொதிக்கக் கொதிக்க வாங்கிய கிளாஸ், அவன் அதை அடிப்பாகத்தோடு சேர்த்து உள்ளங்கையில் பிடித்திருந்தான். மூன்று வாரமாக அவன் சட்டையை ஊற வைக்கும்போது வியர்வை நாற்றமே இல்லை என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. தூசி வாடை மட்டும்தான். துவைக்கச் சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

முதலாளி பாலகிருஷ்ணன் குடையோடு வந்தார். "இன்னுமா பத்தல? ராத்திரிக்குள்ள உச்சிச் சூடு வந்தாகணும், பானுமதி."

"சார், உள்ள ஆள் இருக்குன்னு காட்டுது."

"யாரு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். முதலாளி அவன் பெயரைக் காகிதத்தில் படித்துவிட்டு, அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

"சார், ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துடலாம். எனக்காக."

எட்டு மாதத்தில் அவள் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் திறந்தார்கள். ராஜாங்கம் தாழ்ப்பாளைத் தட்டினார், பக்கிரியும் தர்மராஜும் ஆளுக்கொரு கதவாக இழுத்தார்கள். சுண்ணாம்பும் புதுக்காரையும் கலந்த குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதியது. இரண்டு வண்டிகளிலும் ஃபியூஸ் கட்டைகள் தட்டுத் தட்டாக, வெள்ளை வெளேரென்று, கூரைக்கு ஒரு முழம் கீழே வரை. பானுமதி டார்ச் அடித்து, வண்டிக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் குனிந்து, வண்டிக்கு அடியில் குனிந்து, பின்பக்கச் சுவர்வரை பார்த்தாள். ஓர் ஆள் ஒளிய அங்கே இடமே இல்லை. "என்னாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டும் பார்த்தாள். புருஷன் பின்னால் நிற்கும்போது சூளைக்குள் பார்த்துக் கூப்பிட வெட்கமாகத்தான் இருந்தது. பதில் இல்லை. மழைச் சத்தம்கூட உள்ளே வரவில்லை.

"போதுமாம்மா?" என்றார் ராஜாங்கம். அவர் குரலும் சரியாக இல்லை. மூட்டு வலிக்காரர், சூளைக்குள் போகாதவர் அவர் ஒருவர்தான்.

கதவைச் சாத்தினார்கள். அவள் அறைக்குத் திரும்பி வந்தாள். பிரிண்டர் அதற்குள் மூன்று வரி அடித்துவிட்டிருந்தது.

பானு உன் டார்ச்சு தெரியுது.

பானு இங்க. கைய நீட்டு.

ஏன் போற. நான் கூப்புட்டது கேக்கலியா.

அவள் காகிதத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. அங்கே குனிந்து பார்த்தோமே, அவர் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றிருப்பாரோ. டார்ச் அவர் முகத்திலேயே விழுந்திருக்குமோ. ஒன்றும் தெரியவில்லையே.

மாணிக்கவேல் மறுபடி வாசலில் நின்றான். அவள் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்களுக்கு ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போனது. பெண் என்று சொன்னார்கள். அன்று ராத்திரி அவனே அவள் காதோரம் ஒரு பெயர் சொன்னான். பேர் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறு ஈ காக்கைக்குத் தெரியாது.

"நம்ம பொண்ணுக்கு என்ன பேரு வச்சோம்?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் கொடுமை. "நமக்கு ஏது பொண்ணு?"

குரலில் கோபமில்லை, வருத்தமில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குரல். அவள் கீபோர்டின் பக்கம் திரும்பி, கட்டத்தில் கர்சரை வைத்து, அதே கேள்வியை ஆங்கில எழுத்தில் அடித்தாள். நிமிஷம் எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது விநாடி அத்தனை நீளம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரிண்டர் போனது. திரும்பியது.

இளமதி. ஏன் கேக்குற பானு. அழுவுறியா.

அவள் ஓடினாள். சூளை வாசலில் முதலாளி ஒரு வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து பர்னருக்கு வரும் ரிலேயைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கப் போகிறார். "வேணாம் சார், அவரு உள்ள இருக்காரு சார்" என்று அவர் கையைப் பிடித்தாள். முதலாளிக்குக் கோபம்கூட வரவில்லை, பரிதாபப்பட்டார். "மாணிக்கம், உன் சம்சாரத்த வூட்டுக்குக் கூட்டிட்டுப் போப்பா. ரொம்ப வேலை குடுத்துட்டேன் போல இருக்குது" என்றார். மாணிக்கவேல் வந்து அவள் தோளைப் பிடித்தான். அந்தக் கை சுடவும் இல்லை, குளிரவும் இல்லை.

காற்றாடி உறுமியது. தொப்பென்று சத்தம் வந்தது. தீ நிலைபெற்று இரைய ஆரம்பித்தது.

அவள் திமிறிக்கொண்டு, தீயை நிறுத்த டீசல் வால்வுப் பக்கம் போனாள். வால்வுக்கு முன்னால் தர்மராஜ் நின்றிருந்தான். பக்கத்தில் தனக்கோடி. அவர்கள் அவளைத் தொடவில்லை. "சூடு ஏறும்போது நிறுத்தக் கூடாதுக்கா, சரக்கு வெடிச்சிடும்" என்றான் தர்மராஜ், மரியாதையாக. அந்த வெக்கையில் அத்தனை பக்கத்தில் நின்றும் அவன் நெற்றி காய்ந்து கிடந்தது. பக்கிரி வந்து சேர்ந்தான். பழமலை வந்து சேர்ந்தான். நான்கு பேரும் ஒரே மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ராஜாங்கத்தைத் தேடினாள். அவர் குடையைக்கூட எடுக்காமல் கேட்டைத் தாண்டி மங்கலம்பேட்டை ரோட்டில் மழையில் வேகுவேகென்று நடந்து போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளியும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தீ பற்றிய பிறகு அவருக்கு இங்கே என்ன வேலை.

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு. திரையின் மேல்பகுதியில் சூடு ஐம்பத்திரண்டு. கட்டம் கறுப்பு. மூலையில் இப்போது எண் பெரிதாகியிருந்தது. மாணிக்கவேல் மட்டுமில்லை. மறைத்து வைத்த ஐந்து பெயர்களும் புரோகிராமின் கணக்கில் வெள்ளையாகிவிட்டன.

பிரிண்டர் நிற்காமல் ஓடியது.

பக்கிரி அண்ணி வெக்கையா இருக்குது.

தனக்கோடி யாரு தீ வச்சது.

பழமலை கதவு எங்க.

தர்மராஜ் அக்கா நாங்க இன்னும் வரல. சொல்லுங்க அக்கா.

மாணிக்கவேல் பானு சுடுது.

இன்னும் வரல என்று உள்ளேயிருந்து அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. வந்துட்டேன் என்று வாசலில் நின்று சொன்னவர்களை நம்பி மறைத்தது அவள்தான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிடலாமா. அணைத்தால் திரை போகும், திரை போனால் பெயர்கள் போகும், அவர் இருக்கிற இடம் இது ஒன்றுதான். ஓர் எழுத்துக்கூட வேறெங்கும் இல்லை. அணைக்காமல் விட்டால், பத்து மணி நேரம், ஆயிரத்து இருநூறு டிகிரி வரைக்கும், நிமிஷத்துக்கு ஒரு வரி. எதைச் செய்தாலும் அவள் கையால்தான்.

போலீசுக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தாள். என்ன சொல்வது. புருஷன் சூளைக்குள் இருக்கிறான், புருஷன் கதவுக்கு வெளியே நிற்கிறான்.

எண்பத்தொன்பது.

மாணிக்கவேல் பானு சுடுது.

நூற்றுப் பதினாறு.

பானு சுடுது சுடுது.

"நான் என்னாங்க பண்ணுவேன்" என்று அடித்தாள். எழுத்துகள் தப்பும் தவறுமாக விழுந்தன. திருத்தவில்லை. "நான் என்னாங்க பண்ணட்டும்."

நூற்று ஐம்பது. காகிதம் மேஜையிலிருந்து வழிந்து தரையில் மடிந்து மடிந்து சேர்ந்தது. பக்கிரியின் வரியில் இப்போது சொற்கள் இல்லை, ஒரே எழுத்து வரி முழுக்க. பழமலையின் வரியிலும்.

நூற்று எழுபது.

பானு.

நூற்று எழுபத்தெட்டு.

பானு என்ன அழிச்சிடு.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

என்ன அழிச்சிடு. தாங்க முடியல. அழிச்சிடு பானு.

கதவு திறந்தது. மாணிக்கவேல் உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். குனிந்தான். அவள் கன்னத்துக்கு அருகில் அவன் முகம். மூச்சுக்காற்று இல்லை.

"அழிச்சிடேன்" என்றான். "இன்னும் எதுக்கு வச்சிருக்க."

அவனும் அதைத்தான் கேட்டான். உள்ளே இருப்பவரும் அதைத்தான் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல அங்கே அவளைத் தவிர யாரும் இல்லை.

கிர்ர்.

அழிச்சிடு.

கிர்ர்.

அழிச்சிடு அழிச்சிடு அழிச்சி

அவள் கண்ணை மூடிக்கொண்டு கர்சரை முதல் வரிக்குக் கொண்டுபோனாள். முதல் எழுத்தின்மேல் ஸ்பேஸ் தட்டினாள். இரண்டாவது எழுத்து. மூன்றாவது. கை தப்பவில்லை, அந்தப் பெயரை எத்தனை தடவை அடித்த கை. நான்கு. ஐந்து. ஒன்பது. பத்து. அதற்குப் பிறகும் வரியின் கடைசிவரை தட்டிக்கொண்டே போனாள்.

நிமிஷம் ஆனது. பிரிண்டர் போனது. முதல் வரி வெற்றுக் காகிதமாகவே திரும்பியது.

சுடுகிற வேதனை நின்றிருக்கும். அது நின்றிருந்தால் போதும் என்று நினைத்தாள், போதாது என்றும் தெரிந்தது. அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பின்னால் நின்றவன் நீளமாக மூச்சை இழுத்தான். முதல் தடவையாக இழுப்பவன்போல, கடைசிவரை இழுத்து, விட்டான். அந்த மூச்சு அவள் பிடரியில் வெதுவெதுப்பாகப் பட்டது.

"இளமதி" என்றான், ரொம்ப மெதுவாக. "இளமதின்னுதான வச்சோம். பேரு இல்லாம அனுப்ப வாணாம்னு."

அதே குரல். காதோரம் கேட்ட அதே ராத்திரிக் குரல், நடுக்கம் உட்பட. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மாணிக்கவேல்தான் இருப்பான் என்று தெரியும். இனிமேல் மாணிக்கவேலாக மட்டும்தான் இருப்பான்.

பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மீதி நான்கு வரிகளும் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்ப அடித்தன.

சூடு இருநூற்று நான்கு.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இரண்டு. சூளை வாசலிலிருந்து வந்திருந்தார்கள். பக்கிரி முதலில், அவனுக்குப் பின்னால் தர்மராஜ், தனக்கோடி, பழமலை. ஒருவரை ஒருவர் இடிக்காமல், சம்பள நாளில் நிற்பதுபோல வரிசையாக, முகமெல்லாம் காய்ந்த வெள்ளைத் தூசியோடு நின்றார்கள். இடித்துக்கொண்டு முன்னால் வர ஒருவனுக்கும் அவசரமில்லை.

"அண்ணி" என்றான் பக்கிரி, கையைக் கட்டிக்கொண்டு. "என் பேரு ரெண்டாவது வரியில இருக்குது."

மாணிக்கவேல் அவள் கையை எடுத்து, கீபோர்டின்மேல் வைத்தான்.